குவார்ட்ஸைட் ஆர்.வி. கூட்டத்துக்கு மோட்டார்ஹோமில் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிசோனாவின் மேற்கு ஓரத்தில், ஐ-10 நெடுஞ்சாலையும் 95-ஆம் நெடுஞ்சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது குவார்ட்ஸைட். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 2,400 பேர் வாழும் சின்ன ஊர். ஜனவரி பிறந்ததும் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் மோட்டார்ஹோம்களால், அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு ஓடும் வீட்டு வண்டிகளால் நிறைந்துவிடும். முதல் தடவை போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். பெரும்பாலான பதில்கள் தண்ணீர், கழிவு, கரண்ட் என்ற மூன்று கணக்குகளுக்குள் அடங்கிவிடும். இந்த மூன்றும் கையில் இருந்தால் பாலைவனத்தில் இரண்டு வாரம் சுகமாக இருக்கலாம்.

அங்கே என்னதான் நடக்கிறது? எப்போது போகலாம்?

பெரிய கூடாரத்தில் நடக்கும் ஆர்.வி. (மோட்டார்ஹோம் போன்ற வீட்டு வண்டிகள்) கண்காட்சிதான் எல்லோரையும் இழுப்பது. ஜனவரியின் நடுப்பகுதியைத் தாண்டி, ஒரு சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். டயர் வால்வு மூடியிலிருந்து சோலார் பேனல், புது வண்டிகள் வரை எல்லாம் கிடைக்கும். அதே மாதத்தில் ரத்தினக் கல், பாறைச் சந்தைகளும் உண்டு. இந்தக் கூட்டத்துக்கே அடித்தளம் போட்டவை 1960களில் தொடங்கிய அந்தக் கல் சந்தைகள்தான். இவற்றோடு, ஒரே வகை வண்டி வைத்திருப்பவர்கள், ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள் பாலைவனத்தில் ஆளுக்கொரு மூலையில் தங்கள் ரேலியை நடத்துவார்கள்.

பகலில் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ், இரவில் 4 அல்லது 5 டிகிரி. கண்காட்சி தொடங்குவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே போய்ச் சேருங்கள். தொடக்க வார இறுதியில் ஊருக்குள் வண்டி நகராது; கழிவு டேங்க்கைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனிலும் தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் நீண்ட வரிசை நிற்கும்.

எங்கே நிறுத்துவது? இலவசமா, கட்டணமா?

இரண்டும் உண்டு. ஊரைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையுடையது. எல்லோரும் பி.எல்.எம். என்றே சொல்வார்கள்.

ஊருக்குத் தெற்கே, 95-ஆம் நெடுஞ்சாலையின் இருபுறமும் சுமார் 11,400 ஏக்கரில் இருப்பது லா போசா நீண்டகாலத் தங்குமிடம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முழுப் பருவத்துக்கு 180 டாலர், தொடர்ந்து 14 நாளுக்கு 40 டாலர் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் கட்டணம். கிளம்புமுன் பி.எல்.எம். தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நுழைவாயில் சாவடியிலேயே அனுமதிச் சீட்டு தருவார்கள். டம்ப் ஸ்டேஷன், குடிநீர்க் குழாய், குப்பைத் தொட்டி எல்லாம் இந்தக் கட்டணத்தில் அடக்கம். மின் இணைப்பு கிடையாது.

ஊரின் மற்ற பக்கங்களில் டோம் ராக், ப்ளொமோசா ரோடு, ஸ்காடன் வாஷ், ஹை ஜாலி, தெற்கே ரோட் ரன்னர் ஆகிய இடங்களில் 14 நாள் இலவசமாகத் தங்கலாம். 28 நாளில் 14 நாள் என்பது விதி. ஆனால் அங்கே தண்ணீரும் கிடையாது, டம்ப்பும் கிடையாது.

முதல் தடவை போகிறவர்கள் லா போசாவுக்கே போங்கள் என்போம். இரண்டு வாரத்துக்கு 40 டாலர் கொடுத்தால் வேண்டிய நேரத்தில் டேங்க்கைக் காலி செய்து தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். இலவச இடத்தில் இருந்தால் ஊருக்குள் ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து டம்ப் செய்ய வேண்டும். கூட்டிப் பார்த்தால் மிச்சம் பெரிதாக இருக்காது.

இடத்தை முன்பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டாம். எண் போட்ட இடங்களே கிடையாது. பக்கத்து வண்டியிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி, ஏற்கெனவே வண்டி நின்ற தடம் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தலாம். புதுத் தடம் போடாதீர்கள். பாலைவனத் தரையில் விழுந்த டயர் தடம் பல பத்தாண்டுகள் அழியாது.

சொந்த வண்டி இல்லை. வாடகைக்கு எடுத்துப் போகலாமா?

போகலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, மண் சாலையில் ஓட்டக்கூடாது என்ற விதி. பல நிறுவனங்கள் இதைப் போட்டிருக்கின்றன; லா போசாவின் உட்பாதைகள் பெரும்பாலும் மண்தான். எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடிபட்ட செலவு முழுக்க உங்கள் தலையில் விழும். இரண்டாவது, ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம் உண்டா? மின் இணைப்பில்லாத இடத்தில் இது பெரிய தொகையாகும். மூன்றாவது, மைல் வரம்பு. நான்காவது, சீட் பெல்ட். ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். சீட் பெல்ட் ஐந்துதான் இருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிப்போக நினைப்பவர்கள் படுக்கையை விட்டுவிட்டு பெல்ட்டை எண்ணுங்கள்.

வண்டியை எடுக்கும்போது வீட்டு பாட்டரி (எஞ்சினுக்கு அல்லாமல் உள்ளே விளக்கு, பம்ப்புக்கு கரண்ட் தருவது) எத்தனை, எந்த வகை என்று கேளுங்கள். வாடகை வண்டிகளில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ சாதா பாட்டரிதான் இருக்கும்.

தனி ஓட்டுநர் உரிமம் தேவையா?

வாடகைக்குக் கிடைக்கும், வேன் முகப்புள்ள கிளாஸ் சி வண்டிகளுக்கு சாதாரண கார் உரிமமே போதும். பஸ் போலிருக்கும் மிகப் பெரிய கிளாஸ் ஏ வண்டிகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்: கலிஃபோர்னியாவில் 40 அடிக்கு மேல் நீளமென்றால் தனி உரிமம் வேண்டும், டெக்சாஸில் 26,000 பவுண்டுக்கு மேல் எடையென்றால் வேண்டும். உங்கள் வீடு இருக்கும் மாநிலத்தின் விதிதான் உங்களுக்குப் பொருந்தும்.

எவ்வளவு எடை ஏற்றலாம்?

ஓட்டுநர் பக்கமோ கதவருகிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஒரு காலன் 8.34 பவுண்டு. 70 காலன் டேங்க் நிறைந்தால் 584 பவுண்டு. ஸ்டிக்கரில் 1,500 என்றிருந்து, நான்கு பேர் 600 பவுண்டு என்றால் சாமான்களுக்கு மிஞ்சுவது 316 பவுண்டுதான். பாத்திரம், கட்டில் விரிப்பு, நாற்காலிகள், கருவிப் பெட்டி, இரண்டு வாரச் சாப்பாடு எல்லாம் அதற்குள் வர வேண்டும்.

ஸ்டிக்கர் தொழிற்சாலையிலிருந்து வண்டி வந்த நாளைச் சொல்வது. பிறகு மாட்டிய பேனல், கூடுதல் பாட்டரி எல்லாம் அதில் இருக்காது. அதனால் சாமான் ஏற்றி, எரிபொருள் நிரப்பி, ஆட்களும் ஏறியபின் லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் எடை மேடையில் நிறுத்துங்கள். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாகச் சீட்டு வரும். மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு வரம்பைத் தாண்டியிருப்பதுதான் அடிக்கடி காண்பது. பின்புறச் சாமான் அறையில் கனமானதையெல்லாம் அடைப்பதே காரணம். கனமானவற்றை இரண்டு அச்சுக்கும் நடுவில், தாழ்வாக வையுங்கள்.

லா போசாவிலேயே தண்ணீர் கிடைப்பதால் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து வீட்டிலிருந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு 250 மைல் சுமக்க வேண்டியதில்லை. வழிக்குக் கால் டேங்க் போதும். இலவச இடத்துக்குப் போகிறவர்கள் ஊருக்குள் நிரப்பிக்கொண்டு போகலாம்.

டயருக்கு எவ்வளவு காற்று?

டயர் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தன் உச்ச எடையைத் தாங்குவதற்கான அழுத்தம். உங்கள் வண்டிக்கு வேண்டியதை எடைச் சீட்டையும் டயர் நிறுவனத்தின் சுமைப் பட்டியலையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை வண்டிக்குள் ஒட்டியிருக்கும் அழுத்தத்தைப் பின்பற்றுங்கள். ஒரே அச்சில் உள்ள எல்லா டயருக்கும் ஒரே அழுத்தம், அதிகம் சுமக்கும் பக்கத்துக்கு ஏற்றபடி. காலையில், வண்டி நகருமுன் பார்க்க வேண்டும். ஓடியபின் சூட்டில் காட்டும் எண்ணைப் பார்த்துக் காற்றை இறக்கவே கூடாது.

பின் சக்கரங்களில் ஜோடி டயரின் உட்புறத்துதான் கண்ணில் படாமல் காற்றிழக்கும். வால்வு நீட்டிப்புக் குழாய் மாட்டியிருந்தால் அதன் மரையிலேயே கசியலாம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அழுத்தம் காட்டும் சென்சார் மாட்டுவது இந்தப் பயணத்துக்குச் செய்யும் செலவுகளில் மிக உருப்படியானது.

வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்ற இடத்தில் வெயிலில் விரிசல் விட்டுச் சாகிறது. ஐந்து ஆண்டு தாண்டினால் கடையில் கழற்றி உட்புறமும் பார்க்கச் சொல்லுங்கள். ஏழைத் தாண்டினால், பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவதே எங்கள் பரிந்துரை.

ஓடும்போது டயர் வெடித்தால்?

பிரேக்கை மிதிக்காதீர்கள். முன் டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பிரேக் அந்த இழுப்பைக் கூட்டும். ஆக்சிலரேட்டரை ஓரிரு நொடி அழுத்தி வண்டியை நேராக்குங்கள், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள், பிறகு காலை மெதுவாக எடுத்து வண்டியைத் தானாக வேகம் குறைய விடுங்கள். கடைசியில்தான் ஓரம். பல பெரிய மோட்டார்ஹோம் டயர்களின் உச்ச வேகம் 75 மைல். 60, 62-இல் ஓட்டினால் டயர் சூடும் குறையும், எரிபொருளும் மிச்சம்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து வழியில் எங்கே கவனம் வேண்டும்?

இரண்டு இடம். பேனிங் தாண்டி பாம் ஸ்பிரிங்ஸ் வரை உள்ள சான் கோர்கோனியோ கணவாயில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதைப் பார்க்கலாம், அவ்வளவு காற்று. பக்கவாட்டுக் காற்றில் உயரமான வண்டி ஒரு தடத்திலிருந்து அடுத்ததுக்கு நகர்ந்துவிடும். லாரி தாண்டும்போது முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். வேகத்தை 50-க்குக் குறைத்தால் சமாளிக்கலாம். காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் மதியத்துக்குக் காத்திராமல் விடியலில் கடந்துவிடுங்கள்.

அடுத்தது இண்டியோவுக்குக் கிழக்கே உள்ள ஏற்றம். கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கும் இண்டியோவிலிருந்து சுமார் 1,700 அடி உயரத்தில் உள்ள சிரியாக்கோ சம்மிட் வரை ஏறும். கியரைத் தாழ்வாகப் பிடித்துவைக்கும் டோ-ஹால் பொத்தானை அழுத்திவிடுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் எஞ்சின் 4,000 சுற்றுக்கு மேல் கத்தும். அதைக் கேட்டு பயந்து ஆக்சிலரேட்டரை விட வேண்டாம், அது அப்படி ஓடவே செய்யப்பட்டது. பார்க்க வேண்டியது வெப்பமானியை. முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள். இறங்கும்போதும் அதே பொத்தான்: கியர் வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

கலிஃபோர்னியாவில் எரிபொருள் விலை அதிகம். கொலராடோ ஆற்றைத் தாண்டியதும் அரிசோனாப் பக்கம் எரன்பெர்க் வரும், அங்கே நிரப்பிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இருட்டுமுன் சேரும்படி கிளம்புங்கள். இருட்டில் பாலைவனத்தில் இடம் தேடவே கூடாது. ஃபீனிக்ஸ் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வழி எளிது.

பின்னால் காரை இழுத்துவரலாமா?

வரலாம், அது வசதியும்கூட. கார் இல்லாவிட்டால் பால் வாங்கப் போவதற்கும் வீட்டையே கிளப்ப வேண்டியிருக்கும். நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாமா என்று காரின் கையேட்டில் எழுதியிருக்கும். எழுதியிருக்காவிட்டால் இழுக்காதீர்கள், கியர்பாக்ஸ் எரிந்துவிடும். காரின் முன்பக்கம் பொருத்தும் பேஸ் பிளேட், அதை வண்டியோடு இணைக்கும் டோ பார், பாதுகாப்புக் கயிறு, விளக்கு வயர், காருக்குள் தனி பிரேக் கருவி, இந்த ஐந்தும் வேண்டும்.

அப்படி இழுக்கும்போது பின்னால் எடுக்கவே கூடாது. கார் சக்கரம் திரும்பிக்கொள்ளும், டோ பார் வளையும். பெட்ரோல் பங்க்கில் நுழையும்போதே வெளியேறும் வழியைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் வண்டிக்கு உச்ச வேகம் 55 மைல்.

தண்ணீர் எத்தனை நாள் வரும்?

சிக்கனமாக இருந்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 காலன். இரண்டு பேருக்கு 70 காலன் ஒரு வாரம் வரும். நான்கு பேருக்கு மூன்றரை நாள். குளிக்கும்போது நனைந்ததும் குழாயை மூடி, சோப்புப் போட்டு, பிறகு அலசினால் ஆளுக்கு 2 காலனில் முடியும். வெந்நீர் வரும்வரை ஓடும் குளிர்ந்த நீரை ஒரு வாளியில் பிடித்து கழிப்பறைக்கு ஊற்றுங்கள்.

பெரும்பாலும் முதலில் நிறைவது கிரே டேங்க்தான், அதாவது குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர். நம் சமையலில் எண்ணெயும் மசாலாவும் அதிகம். தட்டையும் கடாயையும் பேப்பரால் நன்றாகத் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம். டேங்க்கில் எண்ணெய் படிந்து நாற்றம் அடிப்பதும் குறையும். கிரே தண்ணீரை மணலில் விடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, அபராதம் உண்டு. வெறும் சோப்புத் தண்ணீர்தானே என்ற வாதம் எடுபடாது.

டம்ப் எப்படிச் செய்வது?

கையுறை போடுங்கள். குழாயை முதலில் வண்டியில் மாட்டி, மறுமுனையைத் தரைத் துளையில் இறுக்குங்கள். முதலில் பிளாக் வால்வை, அதாவது கழிப்பறைக் கழிவு சேரும் டேங்க்கின் வால்வைத் திறந்து முழுக்கக் காலி செய்து மூடுங்கள். பிறகு கிரே வால்வு. அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கடைசியில் பிளாக் டேங்க்குக்குள் 3, 4 காலன் நல்ல தண்ணீரும் மருந்தும் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

பிளாக் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். மின் இணைப்பும் கழிவு இணைப்பும் உள்ள இடத்தில் திறந்தே விட்டால் நீர் மட்டும் ஓடிவிடும், கெட்டியானது கழிப்பறைக்கு நேர் கீழே மேடாகக் காய்ந்துவிடும். அதை உடைப்பது பெரும்பாடு. முக்கால் பாகமாவது நிறைந்தபின் திறந்தால் அடித்துக்கொண்டு போகும். அளவுகாட்டி பொய் சொல்லும்: சென்சாரில் காகிதம் ஒட்டிக்கொண்டால் காலி டேங்க்கும் நிறைந்ததாகக் காட்டும்.

டம்ப் ஸ்டேஷனில் குழாய் அலசுவதற்கென்று இருக்கும் குழாயில் குடிநீர் பிடிக்காதீர்கள். குடிநீருக்கு வேறு குழாய் இருக்கும், உங்கள் ஹோஸும் தனியாக இருக்க வேண்டும். வெள்ளை நிற ஹோஸை அதற்கென்றே வைத்து, வேறு அறையில் பூட்டுங்கள்.

பாட்டரி இரவு முழுக்கத் தாங்குமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பாட்டரி சேர்ந்தால் சுமார் 220 ஆம்பியர்-மணி. ஈய பாட்டரியைப் பாதிக்குக் கீழ் இறக்கினால் ஆயுள் குறையும், ஆக கையில் 110. வண்டிக்குள் சூடேற்றும் ஃபர்னஸின் விசிறி 8 ஆம்பியர் இழுக்கும். 4 டிகிரிக் குளிரில் பத்து மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 27. வாயுக் கசிவுக் கருவி, ஃப்ரிட்ஜ் பலகை போன்றவை சத்தமில்லாமல் நாள் முழுக்கக் குடிப்பது 30. விளக்கு, தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் 20. மொத்தம் 77. ஒரு நாள் தாங்கும், இரண்டாம் நாள் விடியுமுன் அந்த 110 தீர்ந்துவிடும்.

ஆகவே தினமும் நிரப்ப வேண்டும். 400 வாட் பேனல் கூரையில் படுத்திருந்தால் ஜனவரி வெயிலில் உத்தேசமாக 80 ஆம்பியர்-மணி தரும். தெற்கு நோக்கிச் சாய்த்தால் இன்னும் கூடும். பேனல் இல்லாதவர்கள் காலையில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டுங்கள். காலை ஏன் என்றால், காலியான பாட்டரி வேகமாக வாங்கும். கடைசி 20 சதவீதத்தைப் பாட்டரி மிக மெதுவாக வாங்கும்; அதற்காக ஜெனரேட்டரை மணிக்கணக்கில் ஓட்டுவது எரிபொருளுக்குக் கேடு, அந்த வேலையை வெயிலுக்கு விடுங்கள். லித்தியம் வைத்திருப்பவர்கள் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது.

ஜெனரேட்டர் திடீரென நின்றுவிட்டது, டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதே?

கால் டேங்க்குக்கு வந்திருக்கும். வண்டியின் எரிபொருளிலேயே ஓடும் ஜெனரேட்டருக்குக் குழாயை அந்த உயரத்தில்தான் வைக்கிறார்கள், ஊர் திரும்ப எஞ்சினுக்கு மிச்சம் வேண்டும் என்பதற்காக. நிரப்பினால் ஓடும். அப்படியும் ஓடாவிட்டால் எண்ணெய் மட்டம் பாருங்கள். வண்டி சாய்ந்து நின்றாலும் சில ஜெனரேட்டர்கள் நின்றுவிடும்.

லா போசாவில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், அப்போது ஓட்டக்கூடாது. ஓட்டும்போது புகைக்குழாய் பக்கத்து வண்டியின் ஜன்னலைப் பார்த்திருக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். கிளம்புமுன் எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள், பின்பக்கம் எழுதியிருக்கும் காலாவதி ஆண்டையும் படியுங்கள்.

ப்ரொப்பேன் வாயு எவ்வளவு செலவாகும்?

மணிக்கு 30,000 பி.டி.யூ. (வெப்ப அளவு) ஃபர்னஸ் மூன்று மணி நேரம் எரிந்தால் ஒரு காலன். மேலே சொன்ன குளிருக்கு ஓர் இரவுக்கு ஒரு காலனுக்குச் சற்று மேல். 20 காலன் சிலிண்டரில் 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், அதாவது 16. சமையலும் வெந்நீரும் சேர்த்தால் பத்துப் பதினோரு நாள் வரும். அடுப்பைப் பற்றவைத்து வீட்டைச் சூடாக்காதீர்கள்.

மணலில் சிக்கிவிட்டால்?

சக்கரத்தைச் சுற்றவிடாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் அச்சை மணலில் இறக்கும். டயருக்கு முன்னால் குழியைச் சரிவாகத் தோண்டி, பலகை வைத்து, மெதுவாக நகர்த்திப் பாருங்கள். இரண்டு முயற்சிக்குள் வராவிட்டால் இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள். உங்கள் காப்பீட்டில் சாலையை விட்டு உள்ளே இருக்கும் வண்டியை இழுப்பதும் சேர்ந்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே விசாரித்து வையுங்கள்.

நிறுத்துமுன் இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் புதைந்தால் அங்கே வேண்டாம். சிறு கற்கள் நெருக்கமாகப் பதிந்து கருத்திருக்கும் தரை கெட்டியானது. வாஷ் எனப்படும் வறண்ட ஓடைப் படுகையில் நிறுத்தவே கூடாது. எங்கோ மலையில் பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும். வண்டியைச் சமமாக நிறுத்தும் ஜாக்குக்கு அடியில் ஓரடிச் சதுரப் பலகை வையுங்கள்.

சமையலுக்கு என்ன எடுத்துப்போகலாம்?

பிரஷர் குக்கர்தான் ராஜா. தண்ணீரும் வாயுவும் மிச்சம். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே சரியாக ஓடாது. 120 வோல்ட் மிக்ஸி வேண்டும். 750 வாட் மிக்ஸி பாட்டரியிலிருந்து 70 ஆம்பியர் இழுக்கும், ஆனால் இரண்டு நிமிடம்தானே, செலவு பெரிதல்ல. இன்வெர்ட்டர் 1,500 வாட்டாவது இருக்கட்டும். எலெக்ட்ரிக் குக்கர், இன்டக்ஷன் அடுப்பை ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாவு, தேங்காய்த் துருவல், பருப்புப் பொடி எல்லாம் வீட்டிலேயே அரைத்துவிடுவது நல்லது. இந்திய மளிகை குவார்ட்ஸைட்டில் கிடைக்காது.

ரேலிக் குழுவோடு நிறுத்தும்போது என்ன நடைமுறை?

குழு இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணாக அனுப்புவார்கள். போனில் பதிந்து வையுங்கள், அங்கே போனதும் சிக்னல் குறையலாம். நிறுத்தும் பொறுப்பாளர் கை காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். ஜெனரேட்டர் ஓட்டுபவர்களை ஒரு பக்கமும் சோலார்காரர்களை ஒரு பக்கமும் பிரித்திருப்பார்கள். சொன்ன நாளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டாம்.

மாலையில் எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தீ மூட்டிய இடத்துக்கு வருவார்கள். உங்கள் நாற்காலி, தட்டு, கோப்பையோடு போங்கள். லா போசாவுக்குள் விறகு பொறுக்கக் கூடாது, வாங்கி வாருங்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்துக்குப் பத்துப் பேருக்கு ஆகும்படி செய்யுங்கள். புளியோதரை, எலுமிச்சைச் சாதம் ஃப்ரிட்ஜ் இல்லாமல் தாங்கும், ஆறினாலும் ருசி குறையாது. நிலக்கடலை, முந்திரி போட்டிருந்தால் ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.

அடுத்தவர் வண்டியில் பார்த்தது பிடித்திருந்தால் தயங்காமல் கேளுங்கள். ரேலியின் பெரிய லாபமே அதுதான். உங்கள் வண்டி மாடலை ஐந்து ஆண்டாக ஓட்டியவருக்கு எந்த ரிலே எங்கே ஒளிந்திருக்கிறது என்பது வரை தெரியும். கையேட்டில் அது இருக்காது.

மின் இணைப்பு உள்ள ரேலி மைதானத்துக்குப் போனால்?

30 ஆம்பியர் இணைப்பு 3,600 வாட். 50 ஆம்பியர் இணைப்பில் கரண்ட் வரும் கம்பி இரண்டு, மொத்தம் 12,000 வாட். 50 ஆம்பியர் வண்டியை அடாப்டர் போட்டு 30 ஆம்பியரில் மாட்டினால் ஒரு ஏ.சி.யோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கூடவே மைக்ரோவேவ் போட்டால் பிரேக்கர் விழும்.

கம்பத்துப் பிரேக்கரை அணைத்து, முதலில் மின் பாதுகாப்புக் கருவியை மட்டும் மாட்டி, பிரேக்கரைப் போட்டு, அது சரி என்று காட்டியபின் மறுபடி அணைத்து உங்கள் வயரை மாட்டுங்கள். நூறு வண்டி ஒரே வரிசையில் ஏ.சி. போடும் மதியத்தில் வோல்டேஜ் இறங்கும். 105-க்குக் கீழே போனால் ஏ.சி.யை நிறுத்துங்கள், கம்ப்ரஸர் எரியும். தண்ணீர் இணைப்பில் அழுத்தக் குறைப்பான் மாட்டுங்கள், 50 பி.எஸ்.ஐ. போதும்.

கிளப்பில் சேர வேண்டுமா?

கண்காட்சிக்குத் தேவையில்லை. ரேலிகளுக்குப் போக எண்ணம் இருந்தால் சேரலாம். மோட்டார்ஹோம்காரர்களுக்கென்று எஃப்.எம்.சி.ஏ. என்ற பெயரில் எழுந்த சங்கம் 1963 ஜூலை 20 அன்று, முழுச் சூரிய கிரகணம் பார்க்க மெய்ன் மாநிலத்தின் ஹிங்க்லியில் வண்டிகளோடு கூடிய குடும்பங்கள் தொடங்கியது. 1978-இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் கிளப், வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்களுக்கு அதிகம் பயன்படும்.

எலித் தொல்லை உண்டா?

உண்டு. பேக் ராட் எஞ்சினுக்குள் கூடு கட்டி வயரைக் கடிக்கும். இரவில் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, அடியில் ஒரு விளக்கு எரியவிடுவது அங்கே எல்லோரும் செய்வது. வாரம் ஒருமுறை உள்ளே குனிந்து பாருங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

மருத்துவமனை வடக்கே சுமார் 35 மைல் தள்ளி பார்க்கரில் இருக்கிறது. வழக்கமான மாத்திரைகளை ஒரு வாரம் கூடுதலாக எடுத்துப்போங்கள்.

கண்காட்சி தவிர என்ன பார்க்கலாம்?

ஊர்க் கல்லறையில் ஹை ஜாலியின் சமாதி. 1850களில் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைவனத்தில் ஒட்டகங்களைப் பழக்க நினைத்தபோது ஒட்டோமான் பேரரசிலிருந்து வந்த ஒட்டகக்காரர் ஹாஜி அலி. அந்தப் பெயர்தான் இப்படித் திரிந்தது. 1902-இல் இறந்தார். உச்சியில் ஒட்டகம் நிற்கும் கற்பிரமிடு 1935-இல் எழுந்தது.

கிளம்பும் நாளில் என்ன வரிசை?

காலை ஏழுக்குள் டம்ப் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்படி வேலையைத் தொடங்குங்கள். முதலில் உள்ளே: அலமாரிகள் பூட்டு, வெளியே நீட்டிய ஸ்லைடு அறை உள்ளே, கூரை ஜன்னல் மூடி, ஆண்டெனா கீழே. வெளியே: வெய்யில் மறைப்புத் திரை சுருட்டியிருக்கிறதா, ஜாக் நான்கும் மேலே ஏறியதா, படிக்கட்டு உள்ளே போனதா, அறைக் கதவுகள் பூட்டா, பலகைகள் எடுத்தாயிற்றா. ஒருவர் மட்டுமே கடைசிச் சுற்று வர வேண்டும், அந்த நேரம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. படிக்கட்டை மறப்பதும் ஆண்டெனாவை மறப்பதும் அந்த இடைப்பேச்சில்தான். வண்டியை 20 அடி நகர்த்தி நிறுத்தி, நின்ற இடத்தை இறங்கிப் பாருங்கள்: விட்டுப்போன சாமானும் தெரியும், எண்ணெய்க் கசிவும் தெரியும்.

மேற்கே போகிறவர்கள் பிளைத்தில் கலிஃபோர்னியாவின் வேளாண்மைச் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை, மிஞ்சிய விறகு இருக்கிறதா என்று கேட்பார்கள், இருந்தால் சொல்லிவிடுங்கள். கறிவேப்பிலைக் கொத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், கலிஃபோர்னியாவில் அந்தச் செடிக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.